செஸ்ஸில் செக், பேங்கில் செக், சட்டையில் செக்: எல்லாம் ஒரே சொல்லா? விளக்கம் தேவை

மலர்விழி (கேள்வி)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ‘செக்’ என்ற சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. செஸ் விளையாடும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “ராஜாவுக்கு செக் வைக்கிறோம். நோட்டைக் கொடுத்தால் நீங்க செக் பண்றீங்க. அப்பா பேங்குக்கு செக் எடுத்துட்டுப் போறாங்க. அண்ணன் செக்டு ஷர்ட் போடுறான். எல்லாம் ஒரே வார்த்தையா மிஸ்?”

அகராதியைப் புரட்டினேன். அர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது எப்படிப் பிறந்தது என்பது பிடிபடவில்லை. வங்கி செக்குக்கு ஸ்பெல்லிங்கே வேறு என்பதால் அது மட்டும் தனிச் சொல்லாக இருக்குமோ? “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ராகவன் கி.

நான்கும் ஒரே குடும்பம்தான் டீச்சர். உங்கள் மாணவி முதலில் சொன்னதுதான் மூத்தது. மற்றவை எல்லாம் செஸ் பலகையிலிருந்து கிளம்பியவை.

பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். ஷாஜகான் பெயரின் முன்னால் இருக்கும் அதே ஷா. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனது, அங்கிருந்து அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவை எட்டியது. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது “ஷா!” என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அந்தக் குரல் இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ ஆனது, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆனது, ஆங்கிலத்துக்கு வரும்போது முன்னெழுத்துத் தேய்ந்து ‘செக்’ என்று நின்றது. அதன் பன்மைதான் ‘செஸ்’. ஆக ஆட்டத்தின் பெயரும் செக்கும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். ஜெர்மன் மொழியில் இன்றும் ஆட்டத்துக்கும் சரி, அரசனைத் தாக்குவதற்கும் சரி, ‘ஷாக்’ என்ற ஒரே சொல்தான்.

டெல்டா விவசாயி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். எங்கள் பக்கம் ஓடையின் குறுக்கே கட்டுவதை ‘செக் டேம்’ என்று இன்ஜினியர்கள் சொல்கிறார்கள். மோட்டார் பைப்பில் தண்ணீர் திரும்பி இறங்காமல் இருக்க ‘செக் வால்வு’ போடுகிறோம். இரண்டிலும் யாரும் எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. அங்கே செக் என்றால் என்ன?

ராகவன் கி.

அருமையான கேள்வி அண்ணே. இதைப் பிடித்தால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

செக் வைத்தவுடன் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் செஸ்ஸுக்கு வெளியே இந்தச் சொல் எடுத்த முதல் அர்த்தமே ‘தடை, தடுத்து நிறுத்துதல்’ என்பதுதான். உங்கள் செக் டேமில் இருப்பது அந்தப் பழைய அர்த்தம். தமிழில் அதைத் ‘தடுப்பணை’ என்கிறோம், மிகச் சரியான பெயர். நம் பத்திரிகைகள் “எதிரணிக்கு செக்” என்று தலைப்புப் போடுவதும் இதே பொருளில்தான்.

தடுத்தல் என்பதிலிருந்து கட்டுக்குள் வைத்தல் வந்தது. கணக்கைக் கட்டுக்குள் வைக்க என்ன வழி? இன்னொரு பதிவோடு ஒப்பிட்டு, தப்பு நடக்காமல் தடுப்பது. அந்த ஒப்பிடும் வேலைதான் ‘சரிபார்த்தல்’ ஆனது. டீச்சர் நோட்டைத் திருத்துவது இந்தக் கடைசிக் கிளை. இன்று அதுதான் அதிகம் புழங்குகிறது என்பதால் அதையே மூல அர்த்தம் என்று நினைத்துவிடுகிறோம்.

பணி ஓய்வு வங்கியாளர்

வங்கி செக்கைப் பற்றி நான் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்த காலம் முழுக்க இந்தச் சொல்லோடுதான் வாழ்ந்தேன்.

இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் அது செஸ் பலகையைக் குறிக்கும் சொல். கருவூலத்துக்கு ஏன் ஆட்டப்பலகையின் பெயர்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே கணக்குப் பார்த்த முறைதான் காரணம். அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. வைப்பது கீழே உருண்டுவிடாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி.

கோடுகளுக்கு நடுவே உள்ள பத்திகள் மணிச்சட்டத்தின் கம்பிகளைப் போலத்தான் வேலை செய்தன. வலது ஓரம் பென்ஸ், அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு. அதை ரோமன் எண்களில் எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. மாவட்டத்தில் அரசருக்காக வரி வசூலித்த அதிகாரிக்கு ஷெரிஃப் என்று பெயர். ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகையை மேல் வரிசையில் காய்களாக அடுக்குவார்கள். அவர் கட்டியதைக் கீழ் வரிசையில் அடுக்குவார்கள். கீழே உள்ளதற்கு ஈடாக மேலே காய்களை எடுத்துக்கொண்டே வந்தால் பாக்கி கண்ணுக்கு நேராகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது பெரிய மரியாதை உண்டு.

பெயர்க் காரணத்தையும் அந்த நூலே சொல்கிறது. பலகையைப் போன்ற தோற்றம் ஒன்று. இன்னொன்று, அங்கே பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடுவே நடப்பதும் ஒரு செஸ் ஆட்டம்தான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள் என்கிறது.

மாணவியின் அண்ணன் போடும் கட்டம் போட்ட சட்டையும் இந்தப் பலகை வழிதான் வந்தது. கட்டங்கள் உள்ள துணி என்பதால் ‘செக்கர்டு’, சுருங்கி ‘செக்’. நம் ஊர் நெசவு வெளிநாட்டில் ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்று விலைபோனதும் அதே பொருளில்தான்.

மலர்விழி

இருவருக்கும் ரொம்ப நன்றி. கருவூலக் கதையைப் படித்து அசந்துபோனேன் சார். ஆனால் பணம் எடுக்கும் தாளுக்கு அந்தப் பெயர் வந்த இடம் இன்னும் சரியாகப் புரியவில்லை. ஸ்பெல்லிங் வேறுபாட்டுக்கும் காரணம் வேண்டும்.

பணி ஓய்வு வங்கியாளர்

செக் புத்தகத்தில் தாளைக் கிழித்த பிறகு நம்மிடம் தங்கும் அடிக்கட்டை இருக்கிறதே, முதலில் அதற்குத்தான் அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் பத்திரத்தின் கவுன்ட்டர்ஃபாயில். கிழித்த தாள் திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு ஒப்பிட்டால் மோசடி தெரிந்துவிடும். ராகவன் தம்பி சொன்ன ‘ஒப்பிட்டுத் தடுத்தல்’ இதுதான். நாளாக ஆக அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே போய்விட்டது.

அதற்கும் முன்னால் இதே வேலையை மரக்குச்சி செய்தது. தொகையைக் குச்சியில் வெட்டுக்களாகக் குறித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி. எக்ஸ்செக்கர் இந்தக் குச்சிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கைவிடவில்லை. கடைசியில் 1834 அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளை அடுப்பிலிட்டு எரித்தபோது தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

ஸ்பெல்லிங்குக்கு வருகிறேன். வெகுகாலம் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1828இல் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர், ‘கியூ’ எழுத்து வரும் வடிவமே குழப்பம் தராது, எக்ஸ்செக்கரோடும் ஒத்துப்போகிறது என்று தன் நூலில் எழுதினார். பிரிட்டனில் அது நிலைத்தது, நமக்கும் அங்கிருந்து வந்தது. அமெரிக்கர்கள் சரிபார்ப்பதற்கும் வங்கித் தாளுக்கும் ஒரே ஸ்பெல்லிங் வைத்திருக்கிறார்கள். ஓட்டலில் பில் கேட்கும்போதும் அங்கே ‘செக்’ என்பார்கள்.

தமிழ்நேசன்

இது நம் ‘செக்கு’ என்ற சொல்லிலிருந்து போயிருக்கலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செக்கில் மாடு கட்டுக்குள்தானே சுற்றுகிறது?

ராகவன் கி.

அதற்கு வழியில்லை நண்பரே. ஆங்கிலத்துக்கு வருமுன் இந்தச் சொல் எந்த வடிவத்தில் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று படிப்படியாக இருக்கிறது. பின்னால் போகப் போக அது ‘ஷா’வை நெருங்குகிறது, ‘செக்கு’வை விட்டு விலகுகிறது. செக் குடியரசுக்கும் இதில் பங்கில்லை, அது அந்த மக்கள் தங்களைக் குறிக்கும் இனப்பெயர். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொன்னால் தமிழுக்குத்தான் நட்டம். உண்மையிலேயே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘கட்டமரான்’ போன்ற சொற்களைக் காட்டும்போதும் எவரும் நம்ப மாட்டார்கள்.

மலர்விழி

இன்று வகுப்பில் சொன்னேன். அரசன், தடை, ஒப்பிடுதல், சரிபார்த்தல் என்று கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் பலகை, கட்டம், கருவூலம் என்று இன்னொரு கிளை போட்டேன். பிள்ளைகள் செக் போஸ்ட், செக்-அப், செக்-இன் என்று தாங்களே ஆளுக்கொன்று சொல்லி இடம் கண்டுபிடித்து வைத்தார்கள். செக் டேமைச் சொன்னதும் ஒரு பையன் எங்கள் ஊர்த் தடுப்பணையின் பெயரைச் சொன்னான். விவசாயி அண்ணனுக்குத் தனி நன்றி.

அந்த மாணவி விடவில்லை. “செக்மேட்னா ராஜா செத்துட்டார்னு அர்த்தமா?” என்கிறாள். அப்புறம் எக்ஸ்செக்கரில் முன்னால் ‘எக்ஸ்’ எதற்கு?

ராகவன் கி.

‘ஷா மாத்’ என்பது மூலம். அரபு மொழியில் ‘மாத்த’ என்றால் இறந்தான். அதை வைத்து ‘அரசன் இறந்தான்’ என்று பரவலாகப் பொருள் சொல்கிறார்கள். ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பவன். ஆட்டத்துக்கும் இதுதான் பொருந்துகிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, போக்கிடம் இல்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. செஸ் ஆடும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாள்.

‘எக்ஸ்’ பின்னால் ஒட்டியது. பழைய பிரெஞ்சு வடிவத்தின் முன்னால் இருந்த ‘எஸ்’ஸை, லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டின் தேய்வு என்று தவறாக நினைத்து, எழுதியவர்கள் ‘திருத்தி’விட்டார்கள். அந்தத் திருத்தத்தோடுதான் பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப்பெயரில் இன்றும் எக்ஸ்செக்கர் இருக்கிறது.