பள்ளிக்கூடத்தில் நடந்து இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று – வன்னிக்காரர் எழுதுங்கள்

மாங்குளத்தான்
2010, போர் முடிந்து மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டகையில் படித்த நேரம். தரம் 9இல் எங்களோடு இருந்த ஒருவனுக்கு செல்லடியில் ஒரு கால் போயிருந்தது. உரசிப் புண்ணாகும் என்று பொய்க்காலைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்திருப்பான். இடைவேளையில் நாலு பேர் அதைத் தூக்கிப் பாலை மரக் கிளையில் கொளுவிவிட்டார்கள். அவன் கத்தவில்லை. கதிரையைப் பிடித்துத் தள்ளித் தள்ளி ஒற்றைக் காலில் மரத்தடி வரைக்கும் போனான். அந்தக் கதிரை மணலில் இழுத்த கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் எழும்பவேயில்லை.

நெடுங்கேணி
அந்த நாலு பேருக்கும் அன்றைக்கே நல்ல அடி விழுந்திருக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்
பிள்ளைகள் மட்டுமா? தொண்டர் ஆசிரியராக இருந்து நிரந்தர நியமனம் கிடைத்துப் போன இடம். ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் 7.30க்கு அதிபர் சிவப்புக் கோடு கீறுவார், பிந்தி வந்தவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும், தெரியும்தானே. பஸ் பிந்தி 7.32க்கு ஓடிப் போனேன். வேண்டியவர்களுக்குக் கோட்டுக்கு மேலே இடம் விட்டிருந்தது. நான் பேனாவை எடுக்க, “தொண்டர் கீழே வையும்” என்றார். சோக் எடுக்க வந்த ஏ.எல். பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் பாடத்துக்குள் வகுப்பே என்னைத் ‘தொண்டர்’ என்றது.

ஓய்வுபெற்ற அதிபர், வவுனியா
நெடுங்கேணித் தம்பி, அடியைப் பற்றிப் பேசாதீர்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. நானும் ஒருமுறை அடித்தேன். அடி வாங்கியவன் பின்னேரமே சைக்கிள் தரிப்பிடத்தில் அதைச் சின்னப் பெடியன் ஒருவனுக்குத் திருப்பிக் கொடுத்தான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைச் சட்டத்தையும் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள், அது உயர்கல்வி இடங்களுக்கானது. இடைவேளையில் குழாயடி, மலசலகூடத்துப் பின்பக்கம் எல்லாம் ஆசிரியர் ஒருவர் நிற்க வேண்டும். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் இருத்தி விசாரிக்கக் கூடாது. அவன் முன்னால் இவன் வாயே திறக்க மாட்டான். நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் அசையாவிட்டால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு எடுங்கள், காசில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். ரீச்சர், நீங்கள் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அதிபர் ஊடாகப் போகும் கடிதம் மேசையிலேயே கிடக்கும், ஒரு பிரதியை நேரே கொண்டுபோய்க் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்
ஐயா, எழுதினேன். இடமாற்றம் எனக்குத்தான் வந்தது.

மாங்குளத்தான்
ஒன்று விட்டுவிட்டேன். பொய்க்காலை இறக்கிக் கொடுத்தது எங்களில் ஒருவனும் இல்லை. மதியச் சாப்பாடு சமைக்க வந்த அம்மா ஒருவர் கம்பால் தட்டி விழுத்தினார். சீலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்தார்.