கிண்டி சிவிலா, 15 லட்சம் லோன் போட்டு தனியார்ல கம்ப்யூட்டர் சயின்ஸா?

ஆரணித்தறி:
தங்கச்சிக்கு அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி கேம்பஸ்ல சிவில் வரும் போல இருக்கு, கட் ஆஃப் பாத்தா கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்க சான்சே இல்ல. சொந்தக்கார மாமா ஒருத்தர் தனியார் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருங்க, லோன் போட்டா வேலைக்கு போய் அவளே கட்டிடுவான்னு அப்பாவ கொழப்பி விட்டுட்டாரு. நாலு வருஷத்துக்கு 15 லட்சமாம், வீட்டு பத்திரம் பேங்க்ல வைக்கணுமாம். அப்பா தறி நெய்யறாரு, நான் டிப்ளமோ முடிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர்ல வேலை. என்ன பண்ணலாம்?

பேங்க்_பென்ஷனர்:
தம்பி, அவளே கட்டிடுவான்னு சொல்றவங்க யாரும் கணக்கு போட்டு சொல்றதில்ல. படிக்கிற காலம், அப்புறம் ஒரு வருஷம் இஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். 10.5 சதவீதம்னு வெச்சு வருஷா வருஷம் சமமா எடுத்தா, கட்ட ஆரம்பிக்கறப்போ அது இருபதரை லட்சம். பத்து வருஷத்துல அடைக்க மாசம் 27,000க்கு மேல. ஐடி சர்வீஸ் கம்பெனில வருஷத்துக்கு மூணரை லட்சம் பேக்கேஜ்ல சேர்ற பிள்ளைக்கு பிஎஃப் போக கைல அவ்ளோ கூட வராது. கிண்டில ஹாஸ்டல் மெஸ் எல்லாம் சேத்து மூணு லட்சம் லோன்னே வெச்சுக்க, இதே கணக்குல இஎம்ஐ 5,500 சொச்சம்தான். 4 லட்சம் வரைக்கும் சொத்து கேக்க மாட்டாங்க, அப்பா கூட சேந்து கையெழுத்து போட்டா போதும்.

கோடு_போடுறவன்:
சார் சொல்றது சரி, ஆனா எல்லாருமே மூணரை லட்சத்துலதான் சேர்றாங்கன்னு இல்லையே. நானும் தனியார்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் தான், லோன் போட்டு படிச்சு அடைச்சும் முடிச்சாச்சு. கோடிங் நல்லா வந்தா ரெண்டு மூணு வருஷத்துல சம்பளம் ஏறிடும், சிவில் சைட்ல ஆரம்பம் ரொம்ப கம்மி, அதையும் பாக்கணும்ல.

கிண்டி_மெக்:
சகோ, அந்த காலேஜ் பேனர்ல இருக்கிற ஹையஸ்ட் பேக்கேஜ பாக்காதீங்க. என்ஐஆர்எஃப்னு மத்திய அரசு போடுற காலேஜ் ரேங்கிங்குக்கு அவங்க குடுத்த டேட்டா அவங்க வெப்சைட்லயே இருக்கும், அதுல மீடியன் சம்பளம் (வரிசையா நிக்க வெச்சா நடுவுல வர்றவனோட சம்பளம்), எத்தன பேருக்கு வேலை கிடைச்சது, எத்தன பேர் மேல படிக்க போனாங்க எல்லாம் இருக்கும். மீடியன் கூட வேலை கிடைச்சவங்களுக்கு மட்டும்தான், கிடைக்காதவன் அந்த கணக்குலயே வரமாட்டான். கிண்டிக்கு வர்ற சாஃப்ட்வேர் கம்பெனிங்க நெறைய பேரு எந்த பிராஞ்சா இருந்தாலும் டெஸ்ட் எழுத விடுவாங்க, எங்க கிளாஸ்லயே பாதி பேரு இப்ப ஐடிதான். கேட்னு எம்டெக் நுழைவுத் தேர்வு எழுதி போனா மாசம் 12,400 ஸ்டைபண்டே வரும்.

பேங்க்_பென்ஷனர்:
இன்னொண்ணு, தங்கச்சி 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூலா? அப்படின்னா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டிடும்.

ஆரணித்தறி:
இல்ல சார், பதினொண்ணு பன்னெண்டு தனியார்ல.

பேங்க்_பென்ஷனர்:
சரி, வீட்ல யாரும் டிகிரி முடிக்கலல்ல, அப்போ டியூஷன் ஃபீஸ் சலுகைக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் இப்பவே இ-சேவைல அப்ளை பண்ணிடு. அது கவுன்சிலிங் சீட்டுக்குதான் செல்லும், மாமா சொல்ற எடத்துல செல்லாது. வருமான சர்டிபிகேட்டும் எடுத்து வை, வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கிற கால வட்டிய மத்திய அரசு மானியமா குடுக்குது, லோன் போடும்போதே மேனேஜர்கிட்ட கேளு, அவரா சொல்ல மாட்டாரு.