நெதர்லாந்துக் கல்விப் பயணம்: அனுபவக் கட்டுரையில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் வகுப்பிலிருந்து 24 பேர் இரண்டு பேராசிரியர்களுடன் நெதர்லாந்துக்குச் சென்று, வெள்ளத் தடுப்புக் கட்டுமானங்களை ஒன்பது நாட்கள் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பியதும் குழுவாக ஓர் அறிக்கையும், ஆளுக்கொரு அனுபவக் கட்டுரையும் ஒப்படைக்க வேண்டும். குழு அறிக்கை முடிந்துவிட்டது. என் கட்டுரையின் முதல் வரைவைத்தான் பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். "இது வழிகாட்டிப் புத்தகம் போல இருக்கிறது. உங்களுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று எழுதவும்" என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

அவர் சொன்னது சரிதான். ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தின் தடுப்பணையில் 65 தூண்கள், அவற்றுக்கிடையே 62 எஃகுக் கதவுகள் என்றும், 1986ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது என்றும், ஆம்ஸ்டர்டாம் மட்டத்துக்கு (அந்த நாட்டில் உயரங்களை அளக்கும் அடிப்படை மட்டம்) மேல் 3 மீட்டர் வரை கடல் ஏறும் என்று கணிக்கப்பட்டால் கதவுகள் இறக்கப்படும் என்றும் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். இவற்றைத் தெரிந்துகொள்ள அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை. தோழிகள் நான்கு பேரின் வரைவுகளையும் வாங்கிப் படித்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வாக்கியங்கள்தான் இருந்தன. ஒரே இடத்தில் நின்று, ஒரே விளக்கத்தைக் கேட்டு, ஒரே குறிப்பை எடுத்தவர்கள் வேறு எதை எழுத முடியும்?

ஆனால் உண்மையில் என் மனத்தில் தங்கியிருப்பது தடுப்பணை அல்ல. ஐந்தாம் நாள் பிற்பகல் ஔவர்கெர்க் என்ற ஊரில் உள்ள வெள்ள அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1953 ஜனவரி 31 இரவு, பௌர்ணமியையொட்டிக் கடல் ஏறியிருந்த நேரத்தில் வடமேற்குப் புயலும் சேர்ந்துகொள்ள, தென்மேற்கு நெதர்லாந்தின் கரைகள் பல இடங்களில் உடைந்தன. அந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். கடைசி உடைப்பை அடைப்பதற்கு அந்த ஆண்டு நவம்பரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மூழ்கடித்த நான்கு பெரிய கான்கிரீட் பெட்டகங்களுக்கு உள்ளேதான் இப்போது அருங்காட்சியகம் இயங்குகிறது. அவற்றில் ஒன்றில் தரை முழுவதும் மணல். இறந்தவர்களின் பெயர்கள் மேலிருந்து ஒளியாக அந்த மணலில் விழுந்து மறைகின்றன. 1,835 பேருடன் இன்னும் ஒருவர் என்று அந்தக் காட்சிக்குப் பெயர். அந்த ஒருவர், வெள்ளத்தன்று இரவில் பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே இறந்துபோன குழந்தை.

நாங்கள் பேருந்தில் பாடிய பாட்டு நிற்காமலே உள்ளே நுழைந்தோம். என் தோழி ஒருத்தி, ஒரு பெயர் தன் காலணியின் மேல் விழும்படி நின்றாள். நான் படம் எடுத்தேன். எல்லோரும் சிரித்தோம். சுவரோரமாக நின்றிருந்த வயதான பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தையைப் பற்றி வழிகாட்டி சொன்னார்.

இதை எழுதலாமா? எழுதினால் வகுப்புக்கு அவப்பெயராகுமா? பொறியியல் பாடத்துக்கான கட்டுரையில் இதற்கு இடம் உண்டா? இத்தகைய பயணம் சென்றவர்களும், கட்டுரைகளைத் திருத்துபவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நதிக்கு இடம்

உங்கள் கேள்வியைப் படித்ததும் ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. அதே நாடு, ஆனால் எங்கள் குழு பார்க்கப் போனது ஆறுகளை. 1993லும் 1995லும் ஆறுகள் கரை தொட்டு ஓடி, இரண்டாம் முறை சுமார் 2,50,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்ற நேர்ந்த பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு ஆற்றுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை அவர்கள் தொடங்கினார்கள். நைமெகன் நகரத்துக்கு எதிர்க்கரையில் லெண்ட் என்ற இடத்தில் வெள்ளக்கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, வால் என்ற பெயருடைய ஆற்றுக்கு ஒரு பக்கவாட்டுக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். பெருவெள்ளம் வந்தால் அங்கே நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்கும் மேல் குறையும். அதற்காக ஏறத்தாழ 50 வீடுகள் இடிக்கப்பட்டன.

புறப்படுவதற்கு முன்பே இந்த எண்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். "பொதுமக்களின் ஒப்புதலுடன் நிறைவேற்றப்பட்ட திட்டம்" என்று பயணத்துக்கு முந்தைய குறிப்பில் நானே எழுதியும் இருந்தேன். அங்கே புதிய கால்வாயின் கரையில் நாயுடன் நடந்துவந்த ஒருவரிடம், இவ்வளவு அழகான இடம் கிடைத்ததில் இங்குள்ளவர்களுக்கு மகிழ்ச்சிதானே என்று கேட்டேன். அவர் தண்ணீரின் நடுவில் ஓர் இடத்தைக் கைகாட்டி, "அங்கேதான் எங்கள் அடுக்களை இருந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டம் தேவையானதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். ஒப்புதல் என்று நான் எழுதிய சொல்லுக்குள் இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

என் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதாகவே அமைந்தது. பயணத்துக்கு முன் எழுதிய குறிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து முதலில் வைத்து, கரையில் நடந்ததை அடுத்து எழுதி, இப்போது அதே வாக்கியத்தை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவேன் என்பதில் முடித்தேன். போவதற்கு முன் நீங்கள் கொடுத்த திட்டக் குறிப்பு உங்களிடம் இருக்கும் அல்லவா? அதை எடுத்துப் படியுங்கள். போன இடத்தில் எந்த வரி பொய்யாகிப் போனதோ அங்கேதான் உங்கள் கட்டுரை தொடங்குகிறது. மற்ற எட்டு நாட்களையும் ஒரு பத்தியில் கடந்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மணல் அறையைக் கண்டிப்பாக எழுதுங்கள், தங்கையே.

பதில் 2: திருத்தும் ஆசிரியர்

இத்தகைய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். மணல் அறையை எழுதலாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை எழுதியதோடு நின்றுவிட்டால் மறுபடியும் திருப்பித்தான் தருவேன். "நான் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன்" என்பது உண்மையான உணர்வு. என்றாலும் படிப்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறது என்ற செய்தி மட்டுமே. அந்த வெட்கம் உங்கள் பாடத்துக்குள் எந்த இடத்தைத் தொட்டது என்பதுதான் எனக்குத் தேவை.

நீங்கள் வகுப்பில் படித்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 1953 வெள்ளம் வந்து ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே, இனி என்ன செய்வது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல டெல்டா ஆணையம் அமைக்கப்பட்டது. எவ்வளவு உயரத்துக்குக் கரை கட்டினால் போதும் என்ற கேள்வியை அது கணிதவியலாளர்களிடமும் கொண்டுபோனது. டேவிட் வான் டான்ட்சிக் என்பவர், கரையை உயர்த்தும் செலவையும் வெள்ளம் வந்தால் ஏற்படும் இழப்பையும் ஒரே கணக்கில் வைத்து, இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே தகுந்த உயரம் என்று 1956ஆம் ஆண்டு காட்டினார். கரை தாங்க வேண்டிய அளவைக் கடல் மீறும் வாய்ப்பு, நாட்டின் மேற்குப் பகுதியான ஹாலந்துக்கு ஆண்டுக்கு 10,000இல் ஒரு பங்கு, தென்மேற்கு மாகாணமான ஜீலாண்டுக்கு 4,000இல் ஒரு பங்கு என்று நீங்கள் தேர்வுக்குப் படித்த அளவுகோல்கள் இப்படிப்பட்ட சிந்தனையிலிருந்து வந்தவை. நீங்கள் பார்த்த ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையும் 4,000இல் ஒன்று என்ற அளவுக்கே வடிவமைக்கப்பட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மணலில் விழுந்த பெயர்கள் அந்தக் கணக்கின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? ஹாலந்தில் இருப்பவருக்கு ஓர் அளவும் ஜீலாண்டில் இருப்பவருக்கு வேறோர் அளவும் ஏன்? இழப்பின் மதிப்பு அதிகமான இடத்துக்கு உயர்ந்த கரை என்பது கணக்குப்படி சரி. ஜீலாண்டில் குடியிருப்பவரிடம் அதைச் சொல்ல உங்களால் முடியுமா? 2017 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளில், கரைக்குப் பின்னால் வாழும் எந்த ஒருவரும் வெள்ளத்தில் இறப்பதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு 1,00,000இல் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று, இடம் பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவான ஓர் அடிப்படைக் காப்பையும் சேர்த்திருக்கிறார்கள். தனி மனிதர் ஒருவர் கணக்குக்குள் வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மணல் அறையில் நின்ற ஒரு மாணவி இதைத் தொட்டு எழுதினால், அது பொறியியல் கட்டுரையா இல்லையா என்று எந்தப் பேராசிரியரும் கேட்கப் போவதில்லை.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. "மறக்க முடியாத அனுபவம்", "கண்களைத் திறந்த பயணம்" ஆகிய இரண்டையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரு கட்டு விடைத்தாளில் இருபது முறை அவற்றைப் படிக்கிறேன். காலணியின் மேல் விழுந்த பெயர் என்று நீங்கள் இங்கே எழுதியதை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 3: சேற்றுத்திட்டு

மேலே இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் தம் கட்டுரையில் சக மாணவன் ஒருவனின் பொறுப்பின்மையைப் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். இருபது பேர் கொண்ட வகுப்பில் பெயர் எதற்கு? படித்த எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே உங்கள் தோழியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் விரும்பாவிட்டால் காலணியை விட்டுவிட்டு, படம் எடுத்த உங்கள் கையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அந்த மூதாட்டி ஏன் வெளியே போனார் என்பதையும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவர் வெள்ளத்தில் உறவினரை இழந்தவராக இருக்கலாம், அல்லது அவருடைய பேருந்துக்கு நேரமாகியிருக்கலாம். நீங்கள் பார்த்தது அவர் போனதை மட்டும்தான். அவ்வளவை மட்டும் எழுதினால் போதும்.

குழுவாகப் போகும்போது பயண நிரலில் இருப்பதுதான் கண்ணில் படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓஸ்டர்ஸ்கெல்டேயை முற்றிலும் அடைத்துவிடுவதாகத்தான் முதல் திட்டம் இருந்தது. யெர்செகே பகுதியில் மட்டியும் சிப்பியும் வளர்ப்பவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்துப் போராடியதால்தான் 1970களில் திட்டம் மாற்றப்பட்டு, திறந்து மூடும் கதவுகள் வந்தன. அப்படியும் உள்ளே வந்துபோகும் நீரின் வேகம் குறைந்ததால், அடியிலுள்ள ஆழமான நீரோட்டப் பாதைகள் மணலை இழுத்துக்கொள்ள, கடல்நீர் இறங்கும்போது பறவைகள் இரை தேடும் மணல் திட்டுகள் கரைந்துகொண்டே வருகின்றன. "மணல் பசி" என்று அதற்கு அங்கே பெயர். ரோகன்பிளாட் என்ற திட்டில் 2019ஆம் ஆண்டு மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் நிரலில் கட்டுப்பாட்டு அறை இருந்தது, அந்தத் திட்டு இல்லை. உங்களுடையதில் இருந்ததா?

மீண்டும்: மூன்றாமாண்டு மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. இல்லை, எங்கள் நிரலிலும் அந்தத் திட்டு இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். அங்கே எடுத்த படங்களின் பின்னணியில் தூரத்தில் அது ஒரு பழுப்புக் கோடாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

நேற்றிரவு தோழியிடம் பேசினேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தான் எழுதிய வரைவிலும் அந்த அறையை விட்டுவிட்டதாகவும், காரணம் அதேதான் என்றும் சொன்னாள். காலணியை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அக்கா சொன்னபடி பயணத்துக்கு முந்தைய குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். "ஜீலாண்டுக்கான அளவுகோல் 4,000இல் 1, இது ஏற்கத்தக்க அபாயம்" என்று அதில் எழுதியிருக்கிறேன். யாருக்கு ஏற்கத்தக்கது என்று எழுதவில்லை, அப்போது அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. ஐயா கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே கட்டுரையை இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

"புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு நிலப்பகுதிக்கு எவ்வளவு அபாயம் ஏற்கத்தக்கது என்று என் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே கோடிட்டேன். ஔவர்கெர்க்கில், தரையில் விழுந்த ஒரு பெயர் என் தோழியின் காலணியின் மேல் நகர்ந்தபோது அதைப் படம் எடுத்தேன். அந்தப் பெயரை நான் படிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் காலணியின் மடிப்பில் எழுத்துகள் உடைந்திருப்பதால் இப்போதும் படிக்க முடியவில்லை. கோடிட்ட வாக்கியத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்."

இதற்கு அடுத்து வான் டான்ட்சிக் கணக்கையும் 2017ஆம் ஆண்டு விதியையும் கொண்டுவரப் பார்க்கிறேன். மணல் பசி இந்தக் கட்டுரைக்குள் அடங்கவில்லை. குழு அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்க்க முடியுமா என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பேராசிரியர் என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே வந்து எழுதுகிறேன்.