எனாமல் பூசின வார்ப்பிரும்புப் பேன் நம்ம கரைக்கு ஒத்து வருமா?

பாம்பன் காத்து:
துபாய்ல இருந்து வந்த மச்சான் கொண்டாந்த வறுவல் பேன். வெளிய சிவப்பு, உள்ள வெள்ளை, தூக்கினா கை இழுக்குது. வார்ப்பிரும்பு மேல எனாமல் பூசினதாம். நேத்து நாட்டுப்படகு சீலா மீன் கிடைச்சது. முண்டு மிளகாய அரைச்சுத் தடவி, அடுப்ப முழுசா எரியவிட்டு, வெறும் பேன் புகையிற அளவு காஞ்சதும் எண்ணெய ஊத்தி மீனப் போட்டேன். ஒட்டுச்சு பாருங்க! தோல் பேன்ல, சதை கரண்டியில. கடுப்புல அப்படியே சூட்டோட குழாய்க்கு அடியில பிடிச்சேன். 'டிக்'னு ஒரு சத்தம். நடுவுல பத்துப் பைசா அகலத்துக்கு வெள்ளை பெயர்ந்து இரும்பு தெரியுது. காலையில எந்திரிச்சுப் பாத்தா அந்த இடம் மட்டும் செங்காவி நிறத்துல துரு. ஒரே ராத்திரியில! இத வச்சு இன்னும் சமைக்கலாமா, இல்ல பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ருவமா?

தங்கச்சிமடத்தான்:
தம்பி, போட்ரு. இதெல்லாம் படம் எடுத்துப் போடுறவங்களுக்குச் செஞ்ச சாமான். எங்க வீட்டுத் தோசைக்கல்லுக்கு என்ன வயசுன்னு எங்க அம்மாவுக்கே தெரியாது. அதுல மீன் வறு, தோசை ஊத்து, கரண்டியால சுரண்டு, ஒண்ணும் ஆகாது. விலையும் பத்துல ஒரு பங்குதான் இருக்கும்.

ஆணச்சட்டி:
தங்கச்சிமடத்துக் காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்), தப்பு பேன் மேல இல்ல. நான் கீழக்கரையில ஆறு வருஷமா இதே மாதிரி ஒண்ண வச்சுப் புழங்குறேன். எனாமல் நமக்கு என்ன புதுசா? எங்க உம்மா வீட்டுல சஹன்ல (சேர்ந்து உக்காந்து சாப்பிடுற பெரிய தட்டு) இருந்து டீ குடிக்கிற கோப்பை வரைக்கும் எனாமல்தான், ஓரம் பெயர்ந்து கருப்பு கருப்பா இருக்கும். தம்பி செஞ்சதுல மூணு தப்பு. வெறும் பேன காய வச்சது, தீய முழுசா வச்சது, சூட்டோட தண்ணியில காட்டுனது. இதுல ஒண்ணே போதும் பேன் பாழாக.

தங்கச்சிமடத்தான்:
மூணு தப்பா? லாத்தா (அக்கா), அந்த மூணும் நாங்க தினமும் அடுப்படியில செய்யுற வேலை. கல்லு காஞ்சுச்சான்னு பாக்கத் தண்ணி தெளிக்கிற ஊர் இது. சமைக்கிறவன் மாறணும், சட்டி மாறாதுன்னா அது என்ன சட்டி?

லேத் பட்டறை:
இரும்போட பொழப்பு நடத்துறவன்கிற முறையில சொல்றேன். எனாமல்ங்கிறது பெயிண்ட் இல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூள வார்ப்பிரும்பு மேல பூசி 800 டிகிரி பக்கத்துல சூளையில உருக்கி ஒட்டவைக்கிறாங்க. சூட்டுல கண்ணாடியும் விரியும், இரும்பும் விரியும், ஆனா ரெண்டும் ஒரே அளவுக்கு விரியாது. மெதுவா சூடேத்தினா சமாளிச்சுக்கும். கொதிக்கிற பேன்ல பச்சைத் தண்ணி பட்டா மேல இருக்க கண்ணாடி சட்டுனு சுருங்கும், அடியில இரும்பு இன்னும் விரிஞ்சே கிடக்கும். அந்த இழுப்ப கண்ணாடி தாங்காது. தம்பிக்குக் கேட்ட 'டிக்' அதுதான்.

வார்ப்பிரும்பு சூட்ட நல்லா பிடிச்சு வைக்கும், ஆனா பரப்புறதுல சோம்பேறி. அலுமினியம் கடத்துறதுல ஏறக்குறைய கால்வாசிதான் கடத்தும். பெரிய தீ வச்சா நடு மட்டும் கொதிக்கும், ஓரம் பச்சையா கிடக்கும். மிதமான தீயில அஞ்சு நிமிஷம் பொறுத்தா முழுசும் ஒண்ணா சூடாகும், அதுக்கப்புறம் மீனப் போட்டாலும் சூடு லேசுல இறங்காது.

இன்னொண்ணு, தங்கச்சிமடத்து அண்ணனுக்கு. இரும்பு அப்படியே இருந்துக்கும்னு நம்ம கடல்காத்து பக்கத்துல நின்னு சொல்லாதீங்க. 1914-ல திறந்த பாம்பன் பாலத்துக்குக் காலமெல்லாம் பெயிண்ட் அடிச்சுத்தான் காப்பாத்துனாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன்னு துருவத் தடுக்குற பூச்சு. பாலத்துக்கே சட்டை போடுற ஊருல பேனுக்குப் போட்டா என்ன?

தங்கச்சிமடத்தான்:
பாலத்துல நான் மீன் வறுக்கல தம்பி.

உச்சிப்புளி மண்சட்டி:
நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் மண்சட்டியில நேத்து வச்ச காரல் மீன் குழம்ப இன்னைக்குச் சாப்பிடப் போறேன். துருவும் இல்ல, எனாமலும் இல்ல. உடைஞ்சா சந்தையில இன்னொண்ணு.

ஆணச்சட்டி:
மண்சட்டிய யாரு குறை சொன்னா? குழம்புக்கு அதுதான். ஆனா அதுல சீலா வறுத்துக் காட்டுங்க பாப்போம்.

காக்கா, உங்க கல்லுல ஒரு தடவ இறால் தொக்கு வச்சுப் பாருங்க. தக்காளி, புளி, அரை மணி நேரம் சுருள வதங்கணும். கல்லப் பழக்கி ஏத்துன அந்தக் கருப்பு எண்ணெய்ப் படிவு கொஞ்சம் புளியில பெயர்ந்து தொக்குல வந்து நிக்கும். தொக்கும் கருத்துப் போகும், வாயில இரும்பு வாடை அடிக்கும். எனாமல்ல அந்தக் கதையே கிடையாது. புளி கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது.

தங்கச்சிமடத்தான்:
அந்த இரும்பு வாடை உடம்புக்கு நல்லது. ரத்தசோகைன்னு பொம்பளப் பிள்ளைகளுக்கு மாத்திரை எழுதிக் குடுக்குற காலத்துல சோத்துல கொஞ்சம் இரும்பு இறங்கினா என்ன குத்தம்?

லேத் பட்டறை:
அதுல அண்ணன் சொல்றது சரி. வெறும் இரும்புல புளிப்பானத கொதிக்க வச்சா சாப்பாட்டுல இரும்பு ஏறும். எனாமல் பேன்ல அந்தப் பலன் கிடையாது, கண்ணாடி நடுவுல மறிச்சு நிக்குது. அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க. உண்மையச் சொன்னா வறுவலுக்கு நானும் வெறும் கல்லுதான் எடுப்பேன். எனாமல் தொக்குக்கு, வதக்கலுக்கு, பால் சேர்த்த கூட்டுக்கு.

ஆணச்சட்டி:
வறுவலும் வரும், பொறுமை இருந்தா. மீன துணியால ஒத்தி ஈரம் போக்கணும், பாதிப்பேர் இதச் செய்யிறதே இல்ல. மசாலாவுல ஒரு கரண்டி அரிசி மாவு. எண்ணெய முதல்லயே ஊத்தி, பேனும் எண்ணெயும் சேர்ந்தே மிதமான தீயில சூடாகட்டும். மீனப் போட்டதும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். தோல் முறுகினா அதுவா விடும், பேன லேசா ஆட்டினா துண்டு நகரும். நகரலைன்னா இன்னும் வேகலைன்னு அர்த்தம், கரண்டியக் குடுத்து நெம்புனா போச்சு. கரண்டியும் மரத்துல, இல்ல சிரட்டை அகப்பை.

கழுவுறதுக்கு ஆறவிட்டுட்டு வெதுவெதுன்னு தண்ணி. மஞ்சளும் மிளகாயும் வெள்ளையில கறை பிடிக்கும், பயப்பட வேணாம். ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடா போட்டுத் தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் மெல்லக் கொதிக்க வச்சா கருகினதும் இளகி வந்துரும். கம்பி நார், தேய்க்கிற பவுடர் ரெண்டும் வேணாம், பளபளப்பு போயிரும், அப்புறம் எல்லாம் ஒட்ட ஆரம்பிக்கும். எங்க ஊரு போர்த் தண்ணியில கழுவினா வெள்ளையா உப்பு படியும். வினிகர் தொட்டுத் துடைச்சு உடனே கழுவிடுவேன். விளிம்புல எனாமல் ஏறாத இடம் இருந்தா நல்லா துடைச்சு எண்ணெய் ஒரு சொட்டு தடவணும், துரு அங்கிருந்துதான் பிடிக்கும்.

தங்கச்சிமடத்தான்:
பச்ச உடம்புக்காரியக் கூட இவ்வளவு பாத்துக்க மாட்டாங்க.

ஆணச்சட்டி:
கல்லு கழுவின ஈரத்தோட நீங்க ஒரு ராத்திரி வெளிய வச்சுட்டு வந்து பேசுங்க காக்கா. கழுவி, அடுப்புல காயவச்சு, எண்ணெய் தடவி, துணி சுத்தி வைக்கிறீங்களே, அது மட்டும் என்னவாம்? நீங்க பாக்காட்டி வீட்டுல யாரோ பாக்குறாங்க.

பாம்பன் காத்து:
எல்லாரும் பேசினீங்க, என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. பெயர்ந்த பேன்ல சமைக்கலாமா, கூடாதா?

லேத் பட்டறை:
கூடாது. வெளிப்பக்கமோ கைப்பிடியோ பெயர்ந்திருந்தா எண்ணெய் தடவி வச்சுக்கலாம். உள்ள, சமைக்கிற இடத்துல பெயர்ந்துட்டா அந்த ஓட்டையச் சுத்தி இருக்க எனாமலுக்குப் பிடிமானம் போச்சு. அடியில துரு போகப் போக இன்னும் உதிரும். உதிர்றது கண்ணாடி, அது மீன் முள்ளோட முள்ளா வயித்துக்குள்ள போகும். வீட்டுல பூசிக்கலாம்னு விக்கிற பசையெல்லாம் சமைக்கிற இடத்துக்கு ஆகாது.

தங்கச்சிமடத்தான்:
நான் முதல் வரியில சொன்னதுதானே இது?

ஆணச்சட்டி:
நீங்க சொன்னது எல்லாப் பேனையும் தூக்கிப் போடச் சொல்லி. இவங்க சொல்றது அந்த ஒரு பேன.

பாம்பன் காத்து:
பழைய இரும்புக்காரன் வர்றதுக்குள்ள எங்க அம்மா முந்திக்கிட்டாங்க. சாயங்காலம் அடிச்ச காத்துல கோழிப் பஞ்சாரம் உருண்டு ஓடுச்சாம், இப்ப பேன் அதுக்கு மேல கவுந்து உக்காந்திருக்கு. மச்சான் இன்னும் ஒரு வாரம் ஊர்ல இருப்பாரு. கொல்லைப் பக்கம் வராம பாத்துக்கணும்.

உச்சிப்புளி மண்சட்டி:
பஞ்சாரத்துக்கு மண்சட்டி தாங்காதுன்னு ஒத்துக்கிறேன்.