நம்ம வீட்டுக் குழு: புல்லட் பாயிண்ட், டைமிங்

[காலை 8:04] கார்த்தி: புல்லட் 350க்கு நேத்து புது சிபி பாயிண்ட் (பிளக்குப் பொறிக்காக காயில் கரண்ட்டை வெட்டுற ஜோடி முனை) போட்டேன். இன்னிக்குக் காலையில கிக்கர் ரெண்டு தடவை திருப்பி அடிச்சிருச்சு. ஸ்டார்ட் ஆயிட்டா ஐடிலிங் அணையாம நிக்குது. மேடு ஏறுறப்ப டாப் கியர்ல கடகடன்னு நாக்கிங். பாயிண்ட்டைத் தவிர வேற எதையும் தொடலை.

[8:09] ராஜேந்திரன்: இனிமே கிக்கரை மிதிக்காதே, கணுக்கால் போயிடும். திருப்பி அடிக்கிறது, நாக்கிங் ரெண்டுமே அட்வான்ஸ் கூடிப்போனதுக்கு, அதாவது பொறி ரொம்ப முன்னாடியே வர்றதுக்கு அடையாளம். பாயிண்ட் கேப் (முனைகளோட இடைவெளி) எவ்வளவு வச்சே?

[8:10] கார்த்தி: 0.5 மி.மீ., மாமா.

[8:12] குமார்: அது பிளக்குக்கு வைக்கிற அளவுடா. பிளக் 0.5லேர்ந்து 0.6. பாயிண்ட் 0.35லேர்ந்து 0.40. கேப் பெருசா இருந்தா, கேமோட மேடு பாயிண்ட்டோட ஹீலை (கேம் மேல உரசற ஃபைபர் கட்டை) தொட ஆரம்பிச்சதுமே பாயிண்ட் பிரிஞ்சிடும். பாயிண்ட் பிரியற நொடிதான் பிளக்குல பொறி. அதனால பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தகட்டைத் தொடாமலேயே டைமிங் முன்னாடி போயிருச்சு.

[8:15] செல்வி: இன்னொண்ணும் இருக்கு. கேப் கூடினா பாயிண்ட் மூடியிருக்கிற நேரம் குறையும். காயில் (பொறிக்கு வோல்ட்டேஜைக் கூட்டுற சுருள்) முழுசா ஏறுறதுக்குள்ள பிரிஞ்சா வேகத்துல பொறி மெலிஞ்சு மிஸ்ஸிங் வரும். கேப் ரொம்பக் குறைஞ்சா டைமிங் பின்னாடி போகும், பாயிண்ட் நடுவுல தீப்பொறி நின்னு எரிஞ்சு முகம் கருகும்.

[8:16] கார்த்தி: அப்போ 0.38 வச்சா முடிஞ்சுதா?

[8:21] ராஜேந்திரன்: முடியலை. முதல்ல கேப், அப்புறம் டைமிங். இந்த வரிசை மாறக்கூடாது, ஏன்னா கேப்பைத் தொட்டா டைமிங் மாறும். உன் பழைய பாயிண்ட்டுல ஃபைபர் ஹீல் தேய்ஞ்சிருக்கும். ஹீல் தேய்ஞ்சா கேப் சுருங்கும், டைமிங் பின்தங்கும். யாரோ கேப்பைச் சரி பண்ணாம தகட்டைத் திருப்பி அதை ஈடுகட்டியிருக்கலாம். அப்படின்னா இப்போ கேப்பைச் சரியா வச்சாலும் தகடு அட்வான்ஸ்லயே நிக்கும். அளந்து பார்த்தாத்தான் தெரியும்.

[8:24] ராஜேந்திரன்: சாவி ஆஃப். பிளக்கைக் கழற்று. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு டாப் கியர் போடு. பின்சக்கரத்தை முன்பக்கமாச் சுத்தினா இன்ஜினும் ஓடுற திசையிலேயே சுத்தும். கேப் எந்த இடத்துல ரொம்பப் பெருசா விரியுதோ, அங்கே நிறுத்து. ஹீல் கேம் உச்சியில நிக்கிற இடம் அதுதான்.

[8:26] செல்வி: புதுப் பாயிண்ட்டோட முகத்துல துருப் பிடிக்காம இருக்க எண்ணெய்ப் படலம் பூசியிருப்பாங்க. பெட்ரோல்ல நனைச்ச அட்டைத் துண்டை நடுவுல விட்டு இழு, அப்புறம் காய்ஞ்ச அட்டை. கேப் அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டையும் துடைச்சுட்டு விடு, அதுலயும் எண்ணெய் இருக்கும். உப்புத்தாள் மட்டும் போடாதே. அந்த மணல் முகத்துல பதிஞ்சுக்கும், கரண்ட் போகாது.

[8:58] கார்த்தி: ஃபிக்ஸிங் ஸ்க்ரூவை இறுக்கினதும் 0.38 வச்சது 0.42 ஆயிடுது.

[9:00] குமார்: இறுக்கும்போது ஸ்க்ரூ பாயிண்ட்டையே இழுக்கும், சகஜம். ஸ்க்ரூவைப் பாதி பிடிப்புல வச்சுக்கிட்டு நகர்த்து. 0.35 கேஜ் தகடு தாராளமாப் போகணும், 0.40 உரசிக்கிட்டு இழுபடணும். இறுக்கின பிறகு அளந்ததுதான் கணக்கு.

[9:03] குமார்: அப்படியே கேம் தண்டை விரலால இப்படி அப்படி அசைச்சுப் பார். ஆட்டம் இருந்தா புஷ் (தண்டைத் தாங்குற உறை) தேய்ஞ்சிருக்கு. அப்புறம் நீ எவ்வளவு நுணுக்கமா வச்சாலும் ஓடும்போது கேப் ஆடிக்கிட்டே இருக்கும்.

[9:11] கார்த்தி: ஆட்டம் இல்லை சித்தப்பா. 0.38 நின்னுருச்சு.

[9:13] செல்வி: ஃபைபர் வாஷர்லாம் கழற்றின வரிசையிலேயே போட்டியா? பாயிண்ட்டோட ஸ்ப்ரிங்கும் கண்டன்சர் வயரும் ஒண்ணையொண்ணு தொடணும், ரெண்டும் தகட்டைத் தொடவே கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினாலும் நேரா எர்த் ஆகி பொறியே வராது. பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவி ஆன் பண்ணி, வோல்ட் மீட்டரைப் பாயிண்ட் ஸ்ப்ரிங் முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சுப் பார். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கணும்.

[9:19] கார்த்தி: 0.09.

[9:20] செல்வி: பிரமாதம். சாவியை ஆஃப் பண்ணு. பாயிண்ட் மூடியபடி சாவி ஆன்ல கிடந்தா காயில் சூடேறும்.

[9:26] ராஜேந்திரன்: இப்போ டைமிங். 350க்கு அட்வான்ஸ் யூனிட் (வேகம் கூடினா பொறியை முன்னாடி தள்ளுற அமைப்பு) முழுசா ரிடார்ட்ல (பின்தங்கின நிலையில) இருக்கும்போது, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே வரும்போது பாயிண்ட் திறக்கணும். கேம் இன்ஜின் வேகத்துல பாதிதான் சுத்தும், அதனால தப்பான ஸ்ட்ரோக்ல வச்சா மொத்தமும் தப்பு. டேப்பெட் கவரைத் திற. பிஸ்டன் உச்சியில இருக்கும்போது ரெண்டு புஷ்ராடும் (வால்வைத் திறக்கிற கம்பி) விரலுக்குச் சுலபமா உருளணும். ஒண்ணு இறுகியிருந்தா நீ எக்ஸாஸ்ட் முடிவுல நிக்கிறே, இன்ஜினை இன்னொரு சுத்து சுத்து.

[9:28] கார்த்தி: பிளக் ஓட்டையில மாட்டுற டயல் கேஜ் இருக்கு. போதுமா? இல்ல கிராங்க் கோணம் அளக்கிற டிகிரி தட்டு போடணுமா?

[9:36] குமார்: டயல் கேஜ் போதும். ஆனா பிளக் ஓட்டை சாய்வா இருக்கிறதைக் கணக்குல எடுத்துக்கோ. சாய்ஞ்ச கம்பி பிஸ்டன் நேரா இறங்குறதைவிடக் கூடுதலாக் காட்டும். சாய்வு 30 டிகிரின்னா, 0.8 இறங்கும்போது கேஜ் 0.92 காட்டும். உன் ஹெட்டுல சாய்வு எவ்வளவுன்னு அளந்துட்டு அதுக்குத் தகுந்த எண்ணைப் பிடி. சைக்கிள் ஸ்போக் கம்பியில கோடு போட்டு அளக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், அரை மி.மீ. கண் தப்பிடும்.

[9:41] குமார்: டிகிரி தட்டுக்கு பிரைமரி கவரைக் கழற்றணும், ஆயிலை வடிக்கணும். போடறதா இருந்தா, இந்த இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் 90 மி.மீ., 0.8ங்கிறது 10 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வரும். உச்சியில பிஸ்டன் கிட்டத்தட்ட நின்னுரும். 0.1 மி.மீ. இறங்குறதுக்குள்ளே கிராங்க் 3 டிகிரிக்கு மேல திரும்பிடும். அதனால தட்டு போடறவங்க உச்சியைக் கண்ணால பிடிக்கக்கூடாது. பிளக் ஓட்டையில ஸ்டாப்பரை மாட்டி, முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பிஸ்டனை முட்ட விட்டு, ரெண்டு எண்ணுக்கும் நடுவை உச்சின்னு எடுக்கணும்.

[9:44] செல்வி: திறக்கிற இடத்துக்கு பல்ப் கட்டு. 12 வோல்ட், 3 வாட் மீட்டர் பல்ப். ஒரு வயர் பாயிண்ட் ஸ்ப்ரிங் முனைக்கு, இன்னொண்ணு எர்த்துக்கு. சாவி ஆன். மூடியிருந்தா அணைஞ்சிருக்கும், பிரிஞ்சதும் எரியும். 6 வோல்ட் வண்டின்னா 6 வோல்ட் பல்ப்.

[9:45] செல்வி: முக்கியமா, கழற்றின பிளக்கை வயர் தொப்பியோட சேர்த்து ஹெட்டுமேல எர்த் ஆகுற மாதிரி படுக்க வை, ஓட்டையை விட்டுத் தள்ளி. தொப்பியைச் சும்மா தொங்க விட்டா பொறிக்கு வழி இல்லாம காயிலோட உள் இன்சுலேஷன் அடிபடும். ஓட்டைக்குப் பக்கத்துல வச்சா பெட்ரோல் ஆவி தீப்பிடிச்சுக்கும்.

[9:47] ராஜேந்திரன்: பேட்டரி இல்லாத ஃப்ளைவீல் மேக்னட்டோ வண்டிக்கு இந்த பல்ப் வேலைக்காகாது. காயிலோட ரெசிஸ்டன்ஸ் குறைவுங்கிறதால பாயிண்ட் மூடினாலும் பிரிஞ்சாலும் வித்தியாசம் தெரியாது. அங்கே மெல்லிய செல்லோஃபேன் துண்டைப் பாயிண்ட் நடுவுல வச்சு லேசா இழுத்துக்கிட்டே சுத்தணும், அது விடுபடுற இடம்தான் கணக்கு.

[10:20] கார்த்தி: சாய்வைக் கழிச்சு 1.6ல எரியுது.

[10:22] குமார்: சக்கரத்தை எந்தப் பக்கமாச் சுத்தி அந்த இடத்துக்கு வந்தே?

[10:23] கார்த்தி: உச்சியைத் தாண்டிட்டுப் பின்னாடி வந்தேன்.

[10:26] குமார்: அது செல்லாது. கியர் பல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எல்லாம் அந்த அளவுல சேர்ந்திருக்கும். நல்லாப் பின்னாடி போய், முன்னாடியே மெதுவா வந்து பல்ப் எரியற இடத்துல நிறுத்து. தாண்டிட்டா மறுபடி முதல்லேர்ந்து.

[10:38] கார்த்தி: மூணு தடவை பார்த்தேன். மூணுலயும் 1.5.

[10:43] ராஜேந்திரன்: அப்போ தகடும் முன்னாடிதான் இருக்கு, கிட்டத்தட்ட மூணரை டிகிரி. தகட்டோட ரெண்டு ஸ்க்ரூவையும் தளர்த்திட்டு கேம் சுத்துற திசையிலேயே திருப்பு. கேமோட சேர்ந்து போனா ரிடார்ட், எதிரே போனா அட்வான்ஸ். எந்த இன்ஜினுக்கும் இதான். கேம் பாதி வேகங்கிறதால தகடு 2 டிகிரிகூடத் திரும்பத் தேவையில்லை. விளிம்புல பார்த்தா மயிரிழை நகர்றதுதான். திருப்பினதும் கேப்பை மறுபடி அளந்துடு.

[10:45] செல்வி: அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் யூனிட்டைப் பார்த்துட்டீங்களா மாமா? கார்த்தி, கேமை விரலால சுத்துற திசையில முறுக்கிட்டு விடு. வெடுக்குன்னு திரும்பி வரணும்.

[10:52] கார்த்தி: போகுது அக்கா. ஆனா திரும்பி மெதுவா வருது, கடைசிக் கொஞ்சத்துல நின்னுடுது. கையால தள்ளினாத்தான் வருது.

[10:55] ராஜேந்திரன்: நல்ல வேளை செல்வி கேட்டா. நான் அதை முதல்லயே கேட்டிருக்கணும். யூனிட் முழு ரிடார்ட்டுக்கு வரலைன்னா நீ அளந்த 1.5 பாதி அட்வான்ஸ்ல அளந்தது. அதை வச்சுத் தகட்டைத் திருப்பியிருந்தா, பிற்பாடு யூனிட் ஒழுங்கா வேலை செய்யும்போது டைமிங் ரொம்பப் பின்தங்கி சைலன்சர் பைப் நீலம் பாஞ்சிருக்கும்.

[10:59] குமார்: ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, தண்டோட புஷ்ஷுல பழைய கிரீஸ் பிசின் மாதிரி ஆகியிருக்கும். இன்னொண்ணு, ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். முதல்ல சுலபமானதைப் பார். மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு தண்டோட கழுத்துல விட்டு, முறுக்கி முறுக்கி விடு. கசடு கறுப்பா வெளியே வரும், துணியில ஒத்தி எடு. பாயிண்ட் முகத்துல படவே கூடாது. அதுக்கும் சரியாகலைன்னா டைமிங் கவரைக் கழற்றி யூனிட்டைப் பார்க்கணும். ஓய்வா இருக்கும்போது ஸ்ப்ரிங்கோட சுருளுக்கு நடுவுல இடைவெளி தெரிஞ்சா அது நீண்டுபோச்சு. ரெண்டையும் ஜோடியா மாத்து.

[11:40] கார்த்தி: தார் மாதிரி வந்துச்சு. ஏழெட்டு தடவை துடைச்சேன். இப்போ விட்டதும் டக்குன்னு வருது.

[11:42] குமார்: கழுத்துல ஒரே ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். கேம் மேல ஹீல் உரசற இடத்துல வெப்பம் தாங்குற கிரீஸ், தீக்குச்சி நுனியில எடுக்கிற அளவு. அதுக்கு மேல வச்சா தெறிச்சுப் பாயிண்ட்டைக் கருக்கிடும். வைக்காம விட்டா ஹீல் சீக்கிரம் தேயும்.

[12:05] கார்த்தி: இப்போ 1.1ல எரியுது. தகட்டைக் கொஞ்சூண்டு திருப்பினேன். 0.8. கேப் 0.37.

[12:07] ராஜேந்திரன்: அப்படியே விடு. பல்ப் வயரைக் கழற்று, பிளக்கைப் போடு, கியரை நியூட்ரல் பண்ணு. அப்புறம் மிதி.

[12:21] கார்த்தி: ரெண்டாவது மிதியில எடுத்துக்கிச்சு. திருப்பி அடிக்கலை. அதே மேட்டுல டாப் கியர்ல போய்ப் பார்த்தேன், நாக்கிங் இல்லை.

[12:24] செல்வி: சாயங்காலம் இருட்டினதும் பாயிண்ட் கவரைத் திறந்து இன்ஜினை ஓட விட்டுப் பார். பாயிண்ட் நடுவுல சின்னதா ஒரு பொறி இருந்தாப் பரவாயில்லை. வெள்ளையா, தடிமனா, விடாம அடிச்சா கண்டன்சர் போச்சு. 0.2 மைக்ரோஃபேரட் பக்கத்துல இருக்கிறதாப் பார்த்து வாங்கு. அளவு தப்பினா ஒரு பாயிண்ட்டுல மேடும் எதிர்ப் பாயிண்ட்டுல குழியும் விழும், ஃபீலர் கேஜ் அந்த மேட்டைத் தொட்டுக்கிட்டு உண்மையான கேப்பைக் காட்டாது.

[19:10] கார்த்தி: பார்த்தேன் அக்கா. நீலமா, ஊசி முனை அளவுக்குத்தான்.

[19:14] குமார்: புது ஹீல் முதல்ல வேகமாத் தேய்ஞ்சு படியும். 500 கிலோமீட்டர்ல கேப் குறைஞ்சிருக்கும். அப்போ தகட்டைத் தொடாதே, கேப்பை மட்டும் 0.38க்குக் கொண்டு வா, டைமிங் தானா 0.8க்கு வந்து நிக்கும். பல்ப் கட்டி ஒரு தடவை பார்த்துக்கோ.

[19:16] கார்த்தி: மீட்டர்ல இப்போ 41,260. 41,760ல திறக்கறேன்.