பாலாற்றங்கரை குடும்பம்: வாட்ஸ்அப் குழு

காட்பாடி சித்தி: மாமல்லபுரம் போனவர்கள் வந்து சேர்ந்தாச்சா? ஒருத்தரும் ஒரு வார்த்தை போடவில்லையே.

நான்: சேர்ந்துவிட்டோம் சித்தி. காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

காட்பாடி சித்தி: கோயில் படம் ஒன்றையும் காணோம். எல்லாம் பாறையும் தண்ணீருமாக இருக்கிறது?

நான்: அதைப் பார்க்கத்தானே போனோம் சித்தி. நேற்று பௌர்ணமி, அதனால் இன்று மூன்று மணிக்கு மேல் கடல் நன்றாக உள்வாங்கிவிட்டது. பாறை இடுக்கெல்லாம் குட்டை குட்டையாகத் தண்ணீர். அதற்குள்தான் அத்தனை உயிர்களும்.

காட்பாடி சித்தி: கடல் உள்வாங்கும்போதா பிள்ளைகளை இறக்கினீர்கள்? சுனாமி அன்றைக்கும் அப்படித்தானே உள்வாங்கியது.

அண்ணன்: அது வேறு சித்தி. 2004இல் சில நிமிடங்களில் கடல் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. இது தினமும் நடப்பது, ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம் ஆகும். எந்த நேரத்தில் இறங்கும் என்று அட்டவணையே இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ராணிப்பேட்டை மாமா: மூன்றாவது படத்தில் பாறை முழுக்க வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, சுண்ணாம்பா?

நான்: கொட்டலசு மாமா. உயிருள்ளது, நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால்தான் இரை பிடிக்கும்! தண்ணீர் வந்து மூடியதும் உச்சியில் சின்னக் கதவு திறக்கிறது. இறகு மாதிரி கால்களை வெளியே நீட்டி, ஒரு வாரு வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. சின்னவன் குட்டை ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான், கிளப்பவே முடியவில்லை.

அண்ணி: செருப்பு இல்லாமல் அதை மிதித்தால் கால் கிழிந்துவிடும். பாசி படிந்த பாறையும் வழுக்கும். கரையில் சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால், செத்ததுதானே என்று யாரும் தொட வேண்டாம். செத்த பிறகும் கொட்டும்.

காட்பாடி சித்தி: ஆயா கேட்கச் சொல்கிறார், பல்லாங்குழிக்குச் சோழி பொறுக்கிவரச் சொன்னேனே, எங்கே என்று.

நான்: வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை ஆயா. அங்கே துறவி நண்டு நிறைய. அதன் வயிற்றுப் பக்கம் ஓடே கிடையாது, மெத்தென்று இருக்கும். காலிச் சங்கு கிடைத்தால்தான் பிழைக்கும். வளர வளரப் பெரிய சங்கு தேட வேண்டும். ஒன்று எங்கள் கண்ணெதிரே ஒரு சங்கைக் கொடுக்கால் உருட்டிப் பார்த்தது. உள்ளே விட்டுத் துழாவியது. பாப்பா மூச்சே விடவில்லை. சட்டென்று பழைய சங்கிலிருந்து வயிற்றை உருவிப் புதியதில் செருகிக்கொண்டது, கண் இமைக்கும் நேரம்தான். அதைப் பார்த்த பிறகு, பாவாடையில் சேர்த்து வைத்திருந்த சங்கையெல்லாம் பாப்பாவே குட்டையில் போட்டுவிட்டாள்.

காட்பாடி சித்தி: ஆயா சொல்கிறார்: "நல்லது செய்தாள் என் தங்கம். எனக்குப் புளியங்கொட்டை போதும்."

குடியாத்தம் பெரியப்பா: நம் பாலாறு கடலில் சேர்வதும் அந்தப் பக்கம்தான், மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூரில். 2021 நவம்பரில் இங்கே இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஆற்றில் நாம் வீசும் பிளாஸ்டிக் பையும் அங்கேதான் போகும்.

நான்: ஆமாம் பெரியப்பா. ஒரு குட்டையில் பால் பாக்கெட் உறை கிடந்தது. எடுத்தால் அடியில் விரல் நீள மீன்கள் ஒளிந்திருந்தன. உறையை மட்டும் வண்டியில் கொண்டுவந்துவிட்டோம்.

ராணிப்பேட்டை மாமா: எங்கள் வீட்டில் இப்போதே துள்ளுகிறார்கள். வருகிற ஞாயிறு வேன் சொல்லிவிடட்டுமா?

அண்ணன்: வேண்டாம் மாமா. அன்றைக்குத் தேய்பிறை நடுவில் இருக்கும், கடல் அதிகம் இறங்காது. நம் கரையில் நல்ல நாளிலேயே ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். அதற்கடுத்த ஞாயிறு அமாவாசையை ஒட்டி வருகிறது, அன்றைக்கு வையுங்கள்.

ராணிப்பேட்டை மாமா: சரிப்பா. நேரத்தையும் பார்த்துப் போட்டுவிடு, அதற்கேற்ற மாதிரி இங்கிருந்து கிளம்புகிறோம். ஆயாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.