'சிட்டிசன்ஸ் அசெம்பிளி'க்குத் தமிழ்ச்சொல்: குடவோலையா, குலுக்கலா, ஆயமா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

அரசறிவியல் சொற்பட்டியலில் 'சிட்டிசன்ஸ் அசெம்பிளி'க்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. பொதுமக்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, ஒரு பொதுப் பிரச்சினையை ஆராய்ந்து பரிந்துரை தரச் சொல்லும் அவை அது. 'குடிமக்கள் பேரவை', 'மக்கள் மன்றம்' என்ற இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. பேரவை என்றதும் சட்டப்பேரவை நினைவுக்கு வரும், தேர்தலில் நின்று வென்றவர்கள் என்ற எண்ணமும் கூடவே வரும். மன்றமோ விருப்பப்பட்டவர்கள் சேரும் சங்கம். இந்த அமைப்பு இரண்டும் இல்லை.

அயர்லாந்தில் 2016இல் கூடிய அவையை எடுத்துக்கொள்வோம். தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபோய். அவருடன் பொதுமக்கள் 99 பேர். வயது, பாலினம், சமூக வகுப்பு, வட்டாரம் ஆகிய நான்கிலும் நாட்டின் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி அவர்களைச் சேர்த்தார்கள். கருக்கலைப்புக்குத் தடையாக இருந்த அரசமைப்பின் எட்டாவது திருத்தத்தை 2016 நவம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை ஐந்து வார இறுதிகளில் ஆராய்ந்தார்கள். வட்டமேசைக்கு ஏழெட்டுப் பேர், அவர்களோடு பேச்சை ஒழுங்குபடுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் பேசுவார்கள். பிறகு மேசைக்குள் பேச்சு, அதிலிருந்து எழுந்த கேள்விகள், கடைசியில் மறைவாக்கு. அவர்கள் தந்த பரிந்துரை நாடாளுமன்றக் குழுவுக்குப் போய், 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், 'வாக்கு வாங்கி வந்தவர்கள்' என்ற பொருளைத் தரக்கூடாது. சான்றுகளைக் கேட்டு ஆராய்ந்து முடிவுசொல்பவர்கள் என்ற பொருள் இருந்தால் நல்லது.

மடல் 2

ஐயா, நம்மிடமே சொல் இருக்கிறதே! 'குடவோலை அவை' என்று வைக்கலாம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் (முதலாம் பராந்தகன் காலம், 919, 921) ஓலைகளைக் குடத்திலிட்டு ஆள் தேரும் இந்தக் குடவோலை முறையைப் படிப்படியாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, எழுத்தறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தார்கள். மத்தியஸ்தன் எனப்பட்ட நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். கையில் வேறு ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிட முடியாது. அப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு; வாரியம் என்றால் ஊர்ப்பணிக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இன்றைய அவைகள் கவலைப்படுகிற அதே முறைகேடுகளை அன்றே தடுக்கப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை ஏன் விடவேண்டும்?

மடல் 3

அம்மா, ஐந்து விரல் விதியை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் சொல்லை ஏற்க என்னால் முடியவில்லை. குடத்துக்குள் யாருடைய ஓலை போனது என்று பாருங்கள். அது பிராமணர்களின் சபை. 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள், வரி செலுத்தும் கால்வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. நிலத்தில் சலுகை கிடைப்பதும் வேதக் கல்வி கூடுதலாக இருந்தால்தான். 'சிட்டிசன்ஸ் அசெம்பிளி'யின் உயிரே யாரும் விலக்கப்படாமல் இருப்பதுதானே. முறையின் வரலாற்றை எழுதும்போது குடவோலையைச் சொல்லியே ஆகவேண்டும். அமைப்புக்கு அதையே பெயராக்கினால் அந்த விலக்கும் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு, குடவோலை என்றாலே 'அந்தக் காலத்து ஓட்டு' என்று நினைப்பவர்கள் ஏராளம்.

ஆட்களைத் தேரும் முறைக்கு 'குலுக்கல்' என்ற சொல்லே போதும். உள்ளாட்சித் தேர்தலில் சம வாக்கு வந்தால் குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள், மக்களும் ஏற்கிறார்கள். பரிசுச்சீட்டு வாடை அதில் எப்போதோ போய்விட்டது. ஆனால் அவையோடு சேர்த்து 'குலுக்கலவை' என்று எழுதவேண்டாம், காதில் 'கலவை' என்றுதான் விழும்.

மடல் 4

குலுக்கல் என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடே, ஆனால் அது ஒரே தடவை நடப்பதில்லை. இரண்டு கட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

முதலில் முகவரிகளைக் குலுக்கி அழைப்புக் கடிதம் அனுப்புகிறார்கள். அயர்லாந்தின் 2022 பல்லுயிர் இழப்பு அவைக்கு 20,000 வீடுகளுக்குக் கடிதம் போனது, வேண்டியவர்கள் 99 பேர். பதில் எழுதுபவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் படித்தவர்கள், நேரமுள்ளவர்கள், ஏற்கெனவே அந்தப் பொருளில் அக்கறை கொண்டவர்கள் தூக்கலாக இருப்பார்கள். அவர்களிடையே கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை குலுக்கினால் அதே சாய்வுதான் அவைக்குள் வந்து உட்காரும். அதனால் இரண்டாம் கட்டத்தில் வயது, பாலினம், ஊர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை இடம் என வைத்துக்கொண்டு, பதில் தந்தவர்களிலிருந்து நிரப்புகிறார்கள். முதலாவதை 'அழைப்புக் குலுக்கல்' என்றும், இரண்டாவதை 'ஒப்பளவுக் குலுக்கல்' என்றும் வைக்கலாம். 'அடுக்குக் குலுக்கல்' என்பது புள்ளியியல் நூலுக்குப் பொருந்தும். பொதுவாசகருக்கு எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது 'ஒப்பளவு' என்றால்தான் தெரியும்.

முதல் கட்டத்தைத் தளர்த்தினால் எல்லாமே கெடும். முதல் மடலில் சொன்ன 2016 அயர்லாந்து அவையிலேயே, 2018 தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஏழு பேர் ஆள்சேர்ப்பாளர் ஒருவருக்குத் தெரிந்தவர்கள் வழியாக வந்தவர்கள் என்று தெரிந்து நீக்கப்பட்டார்கள். வயதும் பாலினமும் கணக்குக்குச் சரியாக இருந்திருக்கலாம், ஆனால் அது குலுக்கல் இல்லை. சொல்விளக்கத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் வரவேண்டும்.

மேசையில் பேச்சை ஒழுங்குபடுத்துபவருக்கு 'இணக்குநர்' என்று ஒரு முன்மொழிவு பட்டியலில் உள்ளது. அது தவறு. மேசையை ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலையே இல்லை. பேசாதவருக்கு முறை வாங்கித் தருவது, ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் நிறுத்துவது, மாறுபட்ட கருத்து குறிப்பில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, தன் கருத்தைச் சொல்லாமல் இருப்பது, இவைதான் அவர் கடமை. 'நடத்துநர்' பேருந்துக்குப் போய்விட்டது. 'மேசை நெறியாளர்' இருக்கட்டும்.

'டெலிபரேஷன்', அதாவது கூடிப் பேசி ஆராய்வது, பற்றி ஒரு வார்த்தை. 'கலந்தாய்வு' பொருளுக்குக் கச்சிதம்தான், ஆனால் தமிழ்நாட்டில் அது பொறியியல் சேர்க்கைக்கும் ஆசிரியர் இடமாறுதலுக்கும் பெயராகிவிட்டது. பழந்தமிழில் கூடி ஆராய்வதற்குச் 'சூழ்ச்சி' என்ற சொல் இருந்தது, இன்று அதன் பொருள் சதி. 'விவாதம்' எதிரியை வெல்லப் பார்க்கும். 'கூடியாய்தல்' என்பதே என் தேர்வு.

மடல் 5

'கூடியாய்தல்', 'மேசை நெறியாளர்', 'ஒப்பளவுக் குலுக்கல்' மூன்றையும் ஏற்கிறேன். அமைப்பின் பெயருக்கு 'குடிமக்கள் ஆயம்' என்று முன்மொழிகிறேன். ஆயம் என்றால் கூட்டம், குழு. தீர்ப்பாயத்தில் அது ஏற்கெனவே புழங்குவதால், சான்று கேட்டு முடிவுசொல்லும் இடம் என்ற நினைவும் வருகிறது. தீர்ப்பாயத்தின் ஆணை கட்டுப்படுத்தும், இந்த ஆயத்தின் முடிவு பரிந்துரை மட்டுமே. இதைச் சொல்விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். பழைய 'ஆயம்' அரசுக்குக் கட்டும் வரியையும் குறிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். 'குடிமக்கள்' முன்னே நிற்பதால் அந்தக் குழப்பம் வராது.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்:

"பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் நிலையான குடிமக்கள் மன்றக்குழு 2019 முதல் இயங்குகிறது. 24 பேர் கொண்ட அந்தக் குழு பொருளைத் தீர்மானிக்கும், அதை ஆராய ஒப்பளவுக் குலுக்கலில் தனி ஆயம் கூடும்."

"கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004 ஆயம் பரிந்துரைத்த தேர்தல் முறைக்கு 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், 60 விழுக்காடு தேவை என்ற விதியால் அது நிறைவேறவில்லை."

இரண்டும் தடையில்லாமல் ஓடுகின்றன. உறுப்பினர்களை 'ஆயத்தார்' எனலாம், ஊரார், நாட்டார் போல. 'ஆயத்தார் 99 பேர்' என்று எழுதினால் 'உறுப்பினர்' தேவைப்படாது. முதல் எடுத்துக்காட்டில் 'மன்றக்குழு' மட்டும் உறுத்துகிறது. ஆயத்தைக் கூட்டும் அந்த நிலைக்குழுவுக்கு யாராவது நல்ல சொல் தாருங்கள்.